இலவச டிக்கெட்டில் போனவருக்கு இழப்பீடு உண்டா?

கேள்வி இதுதான். கோபி – சத்தி ரோட்டில் ஓடும் அரசு டவுன் பஸ்ஸில் 58 வயது அம்மா ஒருவர் இலவச டிக்கெட்டில் ஊர் திரும்பியிருக்கிறார். நிறுத்தத்தில் இறங்கும்போது ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். அதற்குள் விசில் அடித்து வண்டி நகர்ந்துவிட்டது. விழுந்ததில் இடுப்பு மூட்டை ஒட்டித் தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ‘வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே அந்தம்மாதான் இறங்குனாங்க’ என்கிறார் கண்டக்டர். டிக்கெட் தொலைந்துவிட்டது. ‘காசு கொடுக்காமப் போனதுக்கு கேஸ் எங்க நிக்கும்? கைச்செலவுக்குக் கொடுக்கறத வாங்கிட்டு முடிங்க’ என்கிறார் மாமா. வழக்குப் போட முடியுமா, யார் மேல் போடுவது என்று மகன் கேட்கிறார்.

முடியும், தம்பி. மாமா நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் சட்டம் அப்படி இல்லை. இந்த ஈரோடு மாவட்டத்தில் விபத்து வழக்குகள் நடத்தும் வக்கீல் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படிப்பட்ட வழக்குகள் சட்டம் சாதகமாக இல்லாததால் தோற்பதில்லை. முதல் ஒரு வாரத்தில் காகிதம் சேர்க்காமல் விட்டதால் தோற்கின்றன. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்த இலவச டிக்கெட். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணம் என்று இப்போது அதற்குப் பெயர். அந்தக் கட்டணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுகட்டுகிறது. ஆகவே உங்கள் அம்மா யாருடைய தயவிலும் தொற்றிக்கொண்டு வரவில்லை. அப்படியே யாரும் பணம் கட்டவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றும் மாறாது. பயணியைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கும் கடமை, டிக்கெட் என்ற ஒப்பந்தத்தில் இருந்து மட்டும் வருவதில்லை. ஓர் ஆளை வண்டியில் ஏற்றிக்கொண்டதாலேயே வருகிறது. கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. அதனால் குழந்தை விழுந்தால் கேள்வி இல்லை என்று யாராவது சொல்வார்களா? டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்வது மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதத்துக்குரிய குற்றம், அவ்வளவுதான். அதற்காக அந்த ஆளின் எலும்புக்கு மதிப்பில்லாமல் போய்விடாது. உங்கள் வழக்கிலோ டிக்கெட் எடுத்துத் தொலைத்திருக்கிறீர்கள். அது சாட்சியச் சிக்கல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கடமையின் அளவு என்ன என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. ஈரோட்டில் ஒரு பார்சல் ஆபீஸில் மஞ்சள் மூட்டையைப் போடுகிறீர்கள், போகிற வழியில் மூட்டை காணாமல் போகிறது. லாரிக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. 1865-ஆம் ஆண்டின் கேரியர்ஸ் சட்டத்தில் இருந்தே அப்படித்தான். அதன் இடத்துக்கு வந்த 2007-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே. ஆனால் அதே ரோட்டில் ஆள் விழுந்தால், பொதுவான சட்டப்படி, பஸ்காரரின் கவனக்குறைவை விழுந்தவர்தான் காட்ட வேண்டும். மூட்டை தானாக ஏறி இறங்காது, மனிதன் ஏறி இறங்குவான், அவனுக்கும் புத்தி உண்டு என்பது பழைய இங்கிலாந்து நியாயம். மஞ்சள் மூட்டைக்குக் கிடைக்கும் சலுகை அதைக் காட்டில் விளைவித்தவருக்கு இல்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். இருந்தாலும் நம் நீதிமன்றங்கள் இந்த வித்தியாசத்தை நடைமுறையில் பெருமளவு குறைத்துவிட்டன.

குறைத்தது எப்படி என்றால், இரண்டு வழியில். ஒன்று, நிரூபிக்க வேண்டிய அளவைத் தாழ்த்தியது. கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டாம். இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஹிமாச்சலப் பிரதேசப் பஸ் ஒன்றைப் பற்றிய பிம்லா தேவி வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. இரண்டு, சில விபத்துகள் தாமே பேசும் என்ற கொள்கை. நின்ற பஸ்ஸில் இருந்து இறங்கும் ஒருவர், பஸ் கிளம்பியதால் விழுந்தார் என்றால், ஏன் கிளம்பியது என்று விளக்க வேண்டியது வண்டிக்காரர்கள்தான். 1977-ல் புஷ்பாபாய் வழக்கில் இந்தக் கொள்கையை உச்ச நீதிமன்றம் வாகன விபத்துக்குப் பொருத்தியது.

இந்த வரிசையில் நம்மூர் வக்கீல்கள் மறக்காமல் எடுத்துக்காட்டும் இன்னொரு தீர்ப்பு உண்டு. தமிழ்நாட்டு வழக்கு, கருமாயி அம்மாள் வழக்கு என்போம், ஆண்டு 1980. இருட்டிய பிறகு போய்க்கொண்டிருந்த பஸ்ஸுக்கு முன்னால் உயர் அழுத்த மின்கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. பயணிகள் கத்தினார்கள். டிரைவர் நிறுத்தாமல் ஓட்டினார். பாதிக்கப்பட்டவர்கள் 26 பேர், அதில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். கிரிமினல் கோர்ட் இதைக் கடவுள் செயல் என்று சொல்லி டிரைவரை விடுவித்தது. அதைக் காட்டி இழப்பீடும் தர வேண்டியதில்லை என்று பஸ் கம்பெனி வாதாடியது. விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரும் ஏற்கவில்லை. கிரிமினல் வழக்கில் விடுதலை என்பது வேறு, இழப்பீடு என்பது வேறு. அப்படி இருக்கலாம், இப்படி இருக்கலாம் என்ற ஊகங்களுக்காக அப்பாவிகளைக் கைவிடக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். எனவே நாளைக்கு அந்த டிரைவர் கிரிமினல் கோர்ட்டில் விடுதலை ஆனாலும் உங்கள் இழப்பீட்டு வழக்கு அதோடு முடியாது.

சரி, கண்டக்டர் சொல்லும் கதைக்கு வருவோம். வண்டி நிற்கும் முன்பே அம்மா இறங்கினார் என்றே வையுங்கள். நம்ம பக்கம் டவுன் பஸ்ஸில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தத்தில் பஸ் முழுசாக நிற்காது, உருண்டுகொண்டே இருக்கும், ‘சீக்கிரம் எறங்கும்மா’ என்று குரல் வேறு வரும். வயதானவர்கள் பதறிப்போய்க் காலை வைப்பார்கள். கடமை எங்கே முடிகிறது என்றால், கடைசிப் பயணியின் இரண்டு காலும் தரையில் ஊன்றி, அவர் வண்டியை விட்டு விலகும்போது. அதைப் பார்த்துவிட்டுத்தான் விசில். எல்லோருக்கும் ஒரே வேகம் என்பதும் கிடையாது: பையில் ரேஷன் அரிசியோடு இறங்கும் 58 வயது அம்மாவுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுப்பதுதான் கவனம். பள்ளிக்கூடப் பையனுக்குப் போதுமான நேரம் அவருக்குப் போதாது.

அம்மா மேலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது என்று தீர்ப்பாயம் நினைத்தால் மனுவைத் தள்ளாது, ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும். படியில் தொங்கிக்கொண்டு போன பையன்கள் வழக்கிலும் பெரும்பாலும் அப்படித்தான். அங்கேகூட மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு படிக்கட்டுப் பயணத்தைப் பயணிக்கு மட்டும் தடை செய்யவில்லை. அப்படி ஆள் ஏற்றிச் செல்லக் கூடாது என்று முதலில் வண்டியை ஓட்டுபவருக்கும் பொறுப்பில் இருப்பவருக்கும்தான் சொல்கிறது. ஜன்னலில் முழங்கை வைத்திருந்த பயணி ஒருவர் வழக்கில், பயணிகள் அப்படிக் கை வைப்பது வழக்கம்தான், எதிரே வரும் வண்டிக்கு இடம் விட்டு ஓட்டும்போது டிரைவர் அதையும் மனதில் வைக்க வேண்டும் என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 1974-லேயே சொல்லிவிட்டது. மனிதர்கள் செய்யும் சின்னச் சின்னக் கவனப் பிசகுகளையும் எதிர்பார்த்து ஓட்டுவதுதான் பஸ் ஓட்டுவது.

டிரைவர், கண்டக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு சிங்கிளுக்கு இத்தனை நிமிடம் என்று அட்டவணை போட்டு, லேட்டானால் டிப்போவில் பதில் சொல்ல வைப்பது யார்? தனியார் பஸ்களில் இன்னும் மோசம், முன்னால் போன வண்டிக்கும் இதற்கும் இரண்டு நிமிட வித்தியாசத்துக்காக பஸ் ஸ்டாண்டில் டைமிங் சண்டை நடக்கும். அதனால்தான் ஊழியர் வேலையின்போது செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்று சட்டம் வைத்திருக்கிறது. நீங்கள் பணம் கேட்பது அந்தக் கண்டக்டரிடம் அல்ல. உங்கள் எதிர்மனுதாரர் அரசுப் போக்குவரத்துக் கழகம், அதன் மேலாண்மை இயக்குநர். ஈரோடு மண்டலம் கோவைக் கோட்டத்தில் வருகிறது. அதற்காகக் கோயம்புத்தூர் அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடம், விபத்து நடந்த இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் என மூன்றில் எந்த இடத்துத் தீர்ப்பாயத்திலும் 166-ஆவது பிரிவில் மனுப் போடலாம்.

தனியார் பஸ்ஸாக இருந்தால் உரிமையாளரோடு இன்சூரன்ஸ் கம்பெனியையும் சேர்ப்போம், பணம் அவர்களிடம் இருந்து வரும். அரசுக் கழகங்களுக்குக் கட்டாய இன்சூரன்ஸில் இருந்து விலக்கு பெற வழி உண்டு. இழப்பீட்டைத் தங்கள் நிதியில் இருந்தே தர வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வராமல், நிறைவேற்று மனுப் போட்டு, கோர்ட் ஊழியரான அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அரசு பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்தியைப் பேப்பரில் அடிக்கடி பார்க்கிறீர்களே, அதன் பின்கதை இதுதான். கிடைக்கும், கொஞ்சம் இழுக்கும். மனுத் தேதியில் இருந்து வட்டி சேர்வதால் அந்த இழுப்புக்கும் விலை உண்டு.

இன்னொரு பாதையும் உண்டு. 2019 திருத்தத்தில் வந்து 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 164-ஆவது பிரிவு. இதில் யார் தவறு என்ற பேச்சே கிடையாது: மரணம் என்றால் 5 லட்சம், கொடுங்காயம் என்றால் இரண்டரை லட்சம். எலும்பு முறிந்தால் அது சட்டப்படி கொடுங்காயம்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொகை அதோடு முடிந்துவிடும். சமரச முறையில் 164-இன் பணத்தைப் பெற்றுக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும். சாட்சியே இல்லாத வழக்கில்தான் இந்தப் பாதையை நான் சொல்வேன். உங்களுடையது அப்படி இல்லை என்று தோன்றுகிறது.

ஏன் என்று ஒரு கணக்கு. வருமான இழப்பை, மாத வருமானம், வயதுக்கேற்ற பெருக்கு எண், வேலை செய்யும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்ற மூன்றையும் வைத்துப் போடுவார்கள். பெருக்கு எண்ணுக்கு 2009-ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைதான் இன்றும் வழிகாட்டி. 56 முதல் 60 வயதுக்கு 9. அம்மாவின் வருமானத்தை மாதம் 10,000 என்றும் இழப்பு 30 சதவீதம் என்றும் எடுத்துக்கொண்டால் 3,24,000 ரூபாய் வருகிறது. இதற்கு மேல் மருத்துவச் செலவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கு, வண்டி வாடகை, சத்தான உணவு, வலி வேதனை என்று தனித்தனித் தலைப்பில் சேரும். டாக்டர் கொடுக்கும் ஊனச் சதவீதத்தை அப்படியே எடுக்க மாட்டார்கள். ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் 2011-ல் சொன்னபடி, அந்த ஊனம் இவர் செய்த வேலையை எவ்வளவு பாதித்தது என்பதுதான் கேள்வி. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும், குத்தவைத்து உட்கார்ந்து மாடு கறப்பவருக்கும் இடுப்பு எலும்பு ஒன்றல்ல.

‘அம்மா வீட்டில்தான் இருக்காங்க’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டு வேலைக்கும் நீதிமன்றங்கள் வருமான மதிப்புப் போடுகின்றன, அது ஒருபுறம். நம்ம பக்கம் வீட்டில் இருக்கும் அம்மாக்கள் யாரும் சும்மா இருப்பதில்லை. மாடு இருந்தால் பால் சொசைட்டிப் புத்தகம் இருக்கும், அதில் யார் பெயர், எவ்வளவு லிட்டர் என்று இருக்கும். நூறு நாள் வேலை அட்டை இருக்கலாம். மஞ்சள் வெட்டுக்கோ, கரும்புக்குக் களை எடுக்கவோ போயிருந்தால் கூலி கொடுத்த காட்டுக்காரர் வந்து சாட்சி சொல்லலாம். இவையெல்லாம் வருமானச் சான்று.

இப்போது அந்த முதல் வாரக் காகிதங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டியூட்டி டாக்டர் எழுதிய விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி. அதில் ‘பஸ்ஸில் இருந்து இறங்கும்போது விழுந்தார்’ என்று இருக்கிறதா, இன்றே பாருங்கள். போலீஸ் கேஸ் என்றால் அலைய விடுவார்கள், அட்மிஷன் தாமதமாகும் என்று பயந்து ‘வீட்டில் வழுக்கி விழுந்துட்டாங்க’ என்று சொல்லிச் சேர்க்கும் குடும்பங்கள் நிறைய. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும், மீதி வழக்கை அவர் உட்கார்ந்தே நடத்துவார். பணம் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள் என்ற பயமும் இப்போது அவ்வளவாக வேண்டாம். நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே உச்சவரம்பு வரை செலவு ஏற்கிறது.

அடுத்து எஃப்.ஐ.ஆர். நியாயமாகப் பார்த்தால் இதை நீங்கள் கேட்டே வாங்க வேண்டியதில்லை. விபத்து நடந்தால் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தகவல் சொல்வதும் டிரைவரின் கடமை என்று 134-ஆவது பிரிவு சொல்கிறது. பயணியின் மேல் உள்ள அக்கறை அவர் விழுந்த பிறகும் தொடர வேண்டும் என்பதுதான் அதன் பொருள். உங்கள் வழக்கில் அம்மாவைப் பக்கத்துக் கடைக்காரர்தான் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் புகாரில் சேருங்கள், அந்தக் கடைக்காரர் நல்ல சாட்சி. புகார் சில நாள் தாமதமானால் பதற வேண்டாம். அடிபட்டவரைக் காப்பாற்றும் வேலையில் இருக்கும் குடும்பம் முதலில் ஸ்டேஷனுக்கு ஓடாது, தாமதத்தை மட்டும் வைத்து இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்குக் காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

தொலைந்த டிக்கெட்டுக்கு மாற்று: பஸ் எண், தடம் எண், நேரம். இந்த மூன்றும் தெரிந்தால் அன்றைய டிரிப் ஷீட்டையும், ஜீரோ டிக்கெட் அடித்த மெஷினின் பதிவையும் தாக்கல் செய்யச் சொல்லித் தீர்ப்பாயம் மூலம் கேட்கலாம். நிறுத்தத்தில் கடை இருக்கிறது என்றால் கேமரா இருக்கும். அந்தப் பதிவு சில நாட்களில் அழிந்து புதிது ஏறிவிடும், எனவே இதைப் படித்து முடித்ததும் போய்க் கேளுங்கள். அதே பஸ்ஸில் வந்த ஊர்க்காரர் ஒருவரின் பெயரும் போன் நம்பரும் அதைவிடப் பெரிது.

மற்றவர்களுக்காக இடையில் ஒன்று. இந்தப் பாதுகாப்பு முழுக்க, ஆள் ஏற்ற அனுமதி உள்ள வண்டிக்குத்தான். பண்ணாரி குண்டத்துக்கும், கிடா வெட்டுக்கும், கல்யாணத்துக்கும் குட்டி யானையில் இருபது பேர் ஏறிப் போகிறோமே, அது சரக்கு வண்டி. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவந்தவருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்பது ஆஷா ராணி வழக்கில் முடிவான விஷயம், இப்போது சட்டத்திலேயே எழுதியும் வைத்துவிட்டார்கள். வண்டிக்காரர் மேல் தீர்ப்பு வாங்கலாம். ஆனால் தவணையில் வண்டி ஓட்டும் சொந்தக்கார மாப்பிள்ளையிடம் என்ன வசூலிப்பீர்கள்? பனியன் கம்பெனி வேன்களில் சீட்டுக்கு மேல் ஆள் அடைப்பதும் இதே ரகம்தான். அனுமதித்த எண்ணிக்கை வரைதான் இன்சூரன்ஸ் பொறுப்பு என்று 2007-ல் அஞ்சனா ஷ்யாம் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது.

ரயிலுக்குக் கதை வேறு, பயணிக்கு இன்னும் சாதகம். ஏறும்போதோ இறங்கும்போதோ தவறி விழுந்தாலும் ரயில்வே சட்டம் 124ஏ பிரிவில் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. தற்கொலை, போதை, சொந்தக் குற்றச் செயல் மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. டிக்கெட் கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து மறுக்க முடியாது என்று 2018-ல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு ரயில்வே தீர்ப்பாயத்தில், ஒரு வருடத்துக்குள். பஸ் விபத்துக் காயத்துக்கு நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்றும் சிலர் கேட்பார்கள். வேண்டாம், திருவள்ளுவர் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-லேயே அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது.

மனுப் போட உங்களுக்குக் கெடு ஆறு மாதம், விபத்து நடந்த நாளில் இருந்து. 2022-க்கு முன் இப்படி இல்லை என்பதால் பழைய ஆட்கள் ‘எப்ப வேணா போடலாம்’ என்பார்கள், கேட்காதீர்கள். இந்தக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, அதை நம்பியும் உட்கார வேண்டாம். கைச்செலவுக்குப் பணம் கொடுத்தால் வாங்குவது குற்றமில்லை, ஆனால் ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்ற பேப்பரிலோ வெற்றுத் தாளிலோ அம்மாவின் கையெழுத்தோ கைநாட்டோ விழக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து, வருவதில் இத்தனை பங்கு என்று பேசும் புரோக்கர்களிடமும் வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கோபி கோர்ட்டில் வட்டச் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேட்டு, அம்மாவின் ஆதார், ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, பால் சொசைட்டிப் புத்தகம் நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். அம்மாவை இப்போது அலைக்கழிக்க வேண்டாம், முதல் முறைக்கு நீங்கள் மட்டும் போனால் போதும்.